கீழே வைக்கக் கூடாத தேய்ப்புப்பெட்டி

இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்ப முடிந்ததில்லை. சொன்ன பொன்மணி பொய் சொல்கிறவள் அல்ல. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், ஒரு தாள் கூடுதலாக வந்துவிட்டால்கூடக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவள். ஆனால் இது தொடங்கியபோது அவளுக்கு மூன்று வயது. தன் கண்ணால் பார்த்தது எது, பிறகு அம்மா சொல்லக் கேட்டது எது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. நம்பாமல் இருக்க அது போதும். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சந்தேகமெல்லாம் அந்தத் தேய்ப்புப்பெட்டியின் மேல்தான் வந்தது. அதைச் சுற்றி இருந்த மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்களா என்று ஒருமுறைகூட வரவில்லை.

பொன்மணியின் அம்மா ராஜகனி கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த சாமான்களில் கனமானது அந்தப் பெட்டிதான். கறுத்த கைப்பிடியும் துணி சுற்றிய வயரும் முகம் பார்க்கலாம் போன்ற அடித்தகடுமாக அது வந்து இறங்கியபோது, அவள் புருஷன் தவசிமுத்து மற்றச் சாமான்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் அதை மட்டும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தர், வெள்ளைச் சட்டை போடுகிறவன், சட்டையின் கை மடிப்பு கத்திபோல நிற்க வேண்டும் என்று நினைக்கிறவன். பெட்டிக்கென்று அவனிடம் சட்டங்கள் இருந்தன. சூடு ஆறாமல் வயரைச் சுற்றக் கூடாது. ஜிப்பின் மேலும் பித்தானின் மேலும் இழுக்கக் கூடாது. அடித்தகட்டில் தண்ணீர் படக் கூடாது. வாரம் ஒருமுறை செய்தித்தாளில் கல்லுப்பைப் பொடித்துப் பரப்பி அதன் மேல் சூடான பெட்டியை ஓட்டி, பிறகு மெழுகுவர்த்தியைத் துணியில் சுற்றித் தடவித் துடைக்க வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் நம்ம பேரப்பிள்ளை காலம்வரை உழைக்கும் என்று அவன் சொல்லுவான். அதில் அவன் சொன்னது தப்பாகவில்லை.

அவர்கள் இருந்தது ஒரே வாசலுக்குள் ஏழெட்டு வீடுகள் எதிரும் புதிருமாக இருக்கும் ஒரு வளவு. நடுவில் ஒரு துவைகல், ஒரு குழாய். வாசல் பக்கத்து வீட்டில் வளவின் சொந்தக்காரி சிதம்பரத்தம்மாள். எல்லோருக்கும் அவள் வீட்டுக்காரம்மா. ராஜகனிக்கு எதிர்வீடு லூர்தக்கா. கடைசி வீட்டில் கம்பவுண்டர் செல்லையா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். பொன்மணிக்குக் காய்ச்சல் அனலாக அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு லூர்தக்கா அவளை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் ராஜகனியின் பெட்டிக்கு அடியில் தவசிமுத்துவின் நைலான் சட்டை ஒன்று உருகி ஒட்டிப்போயிற்று. மறுநாள் முதலாளி கொழும்பிலிருந்து வருகிறார். உப்புக்கும் மெழுகுக்கும் அந்தக் கறை அசையவில்லை. தீய்ந்த கறை போக அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை ஒன்று உண்டு. பெட்டியை நன்றாகச் சூடாக்கி, காய்ச்சல் மாத்திரையை இடுக்கியில் பிடித்து அடித்தகட்டில் தேய்த்தால் மாத்திரை உருகும், கறையும் கூடவே உருகி வரும். வீட்டில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது. அன்று கடை கிடையாது.

"பிள்ளைக்குப் பாதி கரைச்சுக் குடுக்கணும்னு வச்சிருக்கேன்," என்றாள் ராஜகனி.

"காய்ச்சல் விடிஞ்சா தானா இறங்கிரும். கறை தானா இறங்குமா?" என்றான் தவசிமுத்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேனாவுக்கு மை இருக்கிறதா என்று கேட்கிற குரல்தான்.

அவள் தேய்த்தாள். அதை அவள் எப்போதும் மறைத்ததில்லை. மாத்திரை கொதித்து, புகைந்து, பழுப்பாக வழிந்தது, கறை தோல்போல உரிந்து வந்தது, கிழிசல் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தபோது தகடு கல்யாணத்தன்று இருந்ததுபோல மின்னியது. அந்த நிமிஷமே லூர்தக்காவின் மடியில் பிள்ளை முனகலை நிறுத்திற்று. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாகக் கட்டிற்று.

"ஏட்டி, பிள்ளைக்குக் குளுந்துட்டு," என்றாள் லூர்தக்கா.

ராஜகனி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிள்ளை திரும்ப முனகிற்று. தவசிமுத்து வயரைச் சுற்றுவதற்காகச் சூடு ஆறட்டும் என்று பக்கத்தில் காத்து நின்றான், ஒரு பீடி குடித்தான், வந்து தொட்டுப் பார்த்தான், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் தொட்டுப் பார்த்தான், கரண்டு இல்லாத பெட்டி ஆறவே இல்லை. ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று ராஜகனி அதைக் கையில் எடுத்தாள். பிள்ளை அமைதியாயிற்று. வைத்தாள். பிள்ளை காந்தியது.

லூர்தக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "ராஜகனி, அதைத் தூக்கு. ம். இப்ப வை. ம். திரும்பத் தூக்கு." பிறகு ஒரு கையைப் பிள்ளையின் கழுத்தில் வைத்தபடியே சொன்னாள்: "வைக்காதட்டி."

கம்பவுண்டர் செல்லையா வந்து பார்த்தார். காய்ச்சலுக்கு ஓர் உடம்பு வேண்டும் என்றார் அவர். பிள்ளையின் உடம்பிலிருந்து பெட்டிக்கு வந்துவிட்டது, யாராவது பெட்டியைக் கையில் பிடித்திருக்கும்வரை அந்த உடம்பு போதும் என்று அதிலேயே இருக்கும், கையை எடுத்தால் பழைய உடம்புக்கே திரும்பிவிடும். பிள்ளைக்கு என்றால் வியர்த்து விட்டுவிடும். பெட்டிக்கு வியர்க்கத் தெரியாது, ஆகவே இது விடாது. ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து உண்டா என்று கேட்டதற்கு, பெட்டிக்கா பிள்ளைக்கா என்று திருப்பிக் கேட்டார். யார் பிடித்தாலும் சரிதானா என்று ராஜகனி கேட்டாள். தவசிமுத்து வாங்கிப் பிடித்தான், பிள்ளை தூங்கிற்று. லூர்தக்கா வாங்கிப் பிடித்தாள், பிள்ளை தூங்கிற்று. வீட்டுக்காரம்மாகூட இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். எந்தக் கையானாலும் சரிதான் என்று தெரிந்ததில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

முதல் நாட்களில் வளவே முறைபோட்டுப் பிடித்தது. அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் எப்படி முறைபோட்டுக்கொள்வார்களோ அப்படிப் போட்டுக்கொண்டார்கள். ராஜகனி உலை வைக்கும்போது லூர்தக்கா பிடித்தாள், லூர்தக்கா மீன் வாங்கப் போனால் பக்கத்து வீட்டுப் பெண் பிடித்தாள், கதை பேசிக்கொண்டே கைமாறிக் கைமாறிப் பெட்டி வளவைச் சுற்றி வந்தது. பிறகு ஒருத்திக்குத் தோள் வலித்தது. ஒருத்தியின் மாமியார் வந்திருந்தாள். ஒருத்தி, என் பிள்ளைக்கா காய்ச்சல் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தை அப்படி வைத்துக்கொண்டாள். முறைகள் நீண்டன, இடைவெளி விழுந்தது, கடைசியில் பெட்டி சுற்றிவந்து ராஜகனியின் வலக்கையில் நின்றது.

என் பிள்ளைக்கா என்று முகத்தால் கேட்டவளின் பிள்ளைக்கும் ஒருநாள் காய்ச்சல் வந்தது. அவள் பிள்ளையை ஒரு தோளிலும் மாத்திரையை மறுகையிலும் கொண்டுவந்து நின்றாள். "ஒரு தேய்ப்புத்தான மைனி," என்றாள். "ஏற்கெனவே பிடிச்சிக்கிட்டுத்தான இருக்கீங்க."

ராஜகனி தேய்த்தாள். பிள்ளைக்கு வியர்த்தது. பெட்டி கொஞ்சம் கனத்தது.

அதற்குப் பிறகு கம்பவுண்டருக்கு வளவில் வேலை இல்லாமல் போயிற்று. அம்மைக்கு முந்திய காய்ச்சல், பல் முளைக்கிற காய்ச்சல், மழையில் நனைந்த காய்ச்சல், பரீட்சைக்குப் பயந்த காய்ச்சல், எல்லாம் ஒரு மாத்திரையும் ஓர் இழுப்புமாகப் பெட்டிக்குள் போயின. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு கைப்பிடி அரிசியளவு கனம் கூட்டியது என்று ராஜகனி சொன்னாள்; கூட்டினால் என்ன, சூடு அவள் கையில் ஏறவில்லையே என்றார்கள். கரண்டு இல்லாமலே பெட்டி சூடாக இருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்த வீட்டுக்காரம்மா ஒருநாள் நான்கு சேலைகளோடு வந்தாள். "சும்மாதான நிக்க, இதை ஒரு இழுப்பு இழுத்திரு." அன்று முதல் துணியும் வந்தது. பள்ளிக்கூட யூனிபாரம், போலீஸ்காரரின் காக்கி, கல்யாண வீட்டு வேட்டிகள். அந்தத் தெருவில் சுருக்கத்தோடு நடமாடினவர் யாரும் இல்லை.

அடித்தகட்டில் கறை படிந்தால் பிள்ளைகளுக்கெல்லாம் தலை கனத்தது, சோர்ந்து படுத்தார்கள். ஆகவே தவசிமுத்துவின் சட்டங்கள் வளவின் சட்டங்கள் ஆயின. சின்னப் பிள்ளைகள்கூட அவற்றை வாய்ப்பாடுபோலச் சொன்னார்கள். காலையில் குழாயடிக்கு வருகிறவர்கள் ராஜகனியிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குமுன் "பெட்டியைத் திருப்புங்க, பாப்போம்" என்றார்கள். அவள் திருப்பிக் காட்டுவாள். முகம் தெரிந்தால் சரி என்று போவார்கள். கறை இருந்தால் உப்பும் மெழுகும் தாங்களே கொண்டுவந்து நின்றார்கள், ஜிப் வைத்த துணியைக் கொடுத்தவளைச் சேர்ந்துகொண்டு ஏசினார்கள். கைப்பிடியின் ஆணி தளர்ந்தபோது மூன்று வீட்டு ஆம்பளைகள் வேலைக்குப் போகாமல் நின்று முடுக்கினார்கள். பெட்டி அப்படிப் பாதுகாக்கப்பட்டது. அவளையும் குறை வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. குழம்பு வந்தது, வறுத்த மீன் வந்தது, தையல்காரர் வலக்கை முழுக்கப் பிரித்துக் கொக்கி மாட்டுகிற மாதிரி ரவிக்கை தைத்துக் கொடுத்தார், ஏனென்றால் பெட்டி பிடித்த கை ரவிக்கைக்குள் நுழையாது. தூக்கத்தில் நழுவிவிடக் கூடாதென்று தவசிமுத்து அவள் கையைக் கைப்பிடியோடு சேர்த்துப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிட்டான். இவளுக்கு ஒரு பொங்கல் வைத்தால் என்ன என்று சிலர் கேட்டபோது வீட்டுக்காரம்மாதான் தடுத்தாள். "சாமியாக்கிட்டா அப்புறம் வேலை சொல்ல முடியாது," என்றாள்.

ராஜகனிக்கு இதில் எதுவும் பெரிதாகப்படவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பொன்மணி ஒன்றாம் வகுப்பில் சேருகிற அன்று அவளுக்கு ரெட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்துத் தானே அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு அடர்ந்த முடி. இத்தனை நாளும் அதை யார் யாரோதான் வாரினார்கள். அந்த முடி கைக்குள் எப்படி இருக்கும் என்று ராஜகனிக்கு இடது கையில் மட்டும்தான் தெரியும். சடை பின்ன இரண்டு கை வேண்டும். கொஞ்ச நேரம் பெட்டியை யாராவது பிடித்தால் போதும்.

அன்று காலையில் வலக்கையில் பெட்டியோடும், இடக்கையில் ரிப்பனோடும், பின்னால் தலைவிரித்த பிள்ளையோடும் அவள் வீடு வீடாகப் போனாள்.

"எனக்கு இப்பல்லாம் கை நடுங்குதுட்டி," என்றாள் லூர்தக்கா, கருவாட்டைக் கத்தியால் சீராக நறுக்கிக்கொண்டே. "நழுவுச்சுன்னா எத்தனை பிள்ளை? சடைதான, இங்க விடு, நான் பின்னி விடுதேன்."

"நான் பின்னணும்க்கா."

"நீ பின்னுனா என்ன, நான் பின்னுனா என்ன. முடிக்குத் தெரியவா போவுது?"

கம்பவுண்டர் தன் வலக்கையை அவளிடம் நீட்டிக் காட்டினார். "இது ஊசி போடுத கை, தாயி. கனம் தூக்கினா நரம்பு தப்பிரும்." அவர் ஊசி போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"வீட்டுக்காரி நான் பெட்டியும் கையுமா நின்னா வாடகைக்கு இருக்கவங்க என்னை மதிப்பாங்களா?" என்றாள் வீட்டுக்காரம்மா. "என் மக சடை நல்லாப் பின்னுவா. கூப்பிடவா?"

கடைசியில் தன் வீட்டுக்கே வந்து தவசிமுத்துவிடம் கேட்டாள். அவன் கண்ணாடி முன் நின்றிருந்தான். "நேரமாச்சு ராஜகனி," என்றான். "அதுவும் இப்பதான் போட்டேன். பிடிச்சா சட்டை கசங்கிரும்." அந்தச் சட்டையைக் காலையில் தேய்த்துக் கொடுத்தது அவள்தான்.

பிள்ளைக்காக எதையும் செய்ய எல்லோரும் தயாராக இருந்தார்கள். எண்ணெய் வேண்டுமா என்றார்கள், பூ தருகிறோம் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை.

ராஜகனி நடு வாசலுக்கு வந்தாள். துவைகல்லின் மேல் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையை எடுத்தாள். அவளுடைய விரல்கள் பிடித்த பிடியிலேயே வளைந்து நின்றன. ஒவ்வொன்றாக இடக்கையால் நீட்டிவிட்டுக்கொண்டாள். பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, உச்சியில் வகிடு எடுத்து, இடப்பக்கச் சடையைப் பின்னத் தொடங்கினாள். முதல் வீட்டில் ஒரு பிள்ளை வீறிட்டது. பிறகு அடுத்த வீட்டில். தெருப்பக்கம் ஒன்று. பொன்மணியின் பின்கழுத்து அவள் விரலுக்கடியில் வெதுவெதுத்து, காந்தி, பொரிந்தது. இடப்பக்கச் சடை முடிந்தது. அழகாக, ஒரு பிசிறு இல்லாமல், மடித்து ரிப்பன் கட்டினாள். பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் பெட்டியிடம் போகவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் நின்றார்கள், நின்று, அவளைத்தான் பார்த்தார்கள்.

வலப்பக்கச் சடையில் பாதி வந்திருக்கும்.

"அம்மா, பெட்டியை எடு," என்றாள் பொன்மணி.

அழவில்லை. வளவில் எல்லோரும் சொல்லுகிற அதே குரலில், கறை இருக்கு துடை என்கிற குரலில், சொன்னாள். ராஜகனி இன்னும் சில பின்னல் பின்னினாள். அதையும் அவள் பிற்காலத்தில் மறைத்ததில்லை. காது கேட்காததுபோல, தலை குனிந்து, முடியை மூன்றாகப் பிரித்துப் போட்டு இழுத்து, போட்டு இழுத்து, அந்த முடியின் வாசனை முகத்தில் அடிக்க அடிக்கப் பின்னினாள். பிள்ளை வாந்தி எடுத்தாள். கண் மேலே செருகிற்று. ராஜகனி எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தாள்.

வளவு முழுக்க வியர்த்தது. பிள்ளைகள் அமைதியானார்கள். வலப்பக்கச் சடையின் மிச்சத்தை லூர்தக்கா வந்து பின்னி முடித்தாள்; பிள்ளைக்கு முகம் கழுவி, வேறு சட்டை மாற்றி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

ராஜகனியை யாரும் திட்டவில்லை. அவள் பாவம், களைத்துவிட்டாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆம்பளைகள் வந்ததும் உட்கார்ந்து யோசித்தார்கள். முறைபோட்டுப் பிடிக்கலாம் என்ற பேச்சு எழவில்லை. துறைமுகத்துப் பட்டறையிலிருந்து ஓர் ஆள் வந்து, கைப்பிடிக்கும் மணிக்கட்டுக்கும் அளவெடுத்து, இரண்டையும் சேர்த்து ஓர் இரும்புப் பட்டை செய்து கொடுத்தான். உள்பக்கம் தோல் உரசாமல் இருக்கத் தவசிமுத்து பூந்துவாலை வைத்துத் தைத்திருந்தான். திருகாணியை முடுக்கும்போது, "இறுக்கமா இருந்தாச் சொல்லு, ஒரு சுற்றுத் தளர்த்திக்கலாம்," என்றான். அவள், இல்லை, சரியாக இருக்கிறது என்றாள். ஸ்பேனர் வீட்டுக்காரம்மாவின் பீரோவுக்குள் போயிற்று.

அதன்பிறகு பல வருடங்கள், பொன்மணியின் அப்பாவுக்குத் தலை நரைக்கும்வரை, வளவின் பிள்ளைகள் வளர்ந்து சென்னைக்கும் துபாய்க்கும் போகும்வரை, கதையில் சொல்லும்படி எதுவும் இல்லை. போனவர்கள் ஊருக்கு வரும்போது நல்ல மெழுகுவர்த்தியும் பஞ்சுத் துணியும் வாங்கி வந்தார்கள், ராஜகனியின் முன் நின்று பெட்டியைத் திருப்பச் சொல்லி முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். பொன்மணியின் கல்யாணத்தில் அம்மாவை மேடைக்கு இடப்பக்கம் நிற்கவைத்து வலக்கையைச் சேலைத் தலைப்பால் மூடினார்கள். போட்டோவில் அது தெரியவில்லை. பொன்மணி ஒருநாளாவது அதை வாங்கிப் பிடித்தாளா என்று கேட்க முடிந்ததில்லை. கேட்டிருக்கலாம். வேறு என்னென்னவோ கேட்டாயிற்று: எந்தக் கம்பெனிப் பெட்டி, எத்தனை கனம், கையில் கொப்புளம் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

போன மாதம் கடைக்குப் போனபோது அவள் நெற்றியில் திருநீறு இருந்தது. அம்மா போய்விட்டாள் என்றாள். யாரும் போன் பண்ணுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உடம்பு காந்தியது, கண் இருண்டது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்குப் பிறகு வந்த முதல் காய்ச்சல் அது, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதே நேரத்தில் துபாயில் ஒருத்தன் வண்டியை ஓரம் கட்டினான், சென்னையில் ஒருத்தி வகுப்பறையில் விழுந்தாள். அம்மா கையிலிருந்து பட்டையைக் கழற்ற வளவில் பீரோச் சாவியைத் தேடினார்களாம். ஸ்பேனர் கிடைக்கும்வரை யாரும் அழவில்லையாம்.

"கொஞ்ச நேரந்தான் சார்," என்றாள் பொன்மணி. "அப்புறம் வேர்த்து விட்டுட்டு. எந்திரிச்சி மிச்ச ஜெராக்ஸையும் போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

இரண்டு கைகளாலும் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். கை குளிர்ச்சியாக இருந்தது, மீதிச் சில்லறை கொடுக்கும்போது பட்டது.

"பெட்டி?"

"பெட்டி நல்லாருக்கு சார். காரியத்தன்னிக்கு நானே திருப்பிப் பாத்தேன். ஒரு கறை கிடையாது, புதுசு கணக்கா மின்னுது."

அத்தனை வருடங்களாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது.

"இப்ப அதை யாரும்மா பிடிச்சிருக்கா?"